ஐந்தாவது புகைபோக்கி

எடை நூற்றுப் பன்னிரண்டு கிராம்.
விட்டம் அறுபத்து நான்கு மில்லிமீட்டர்.
ஆண்டு 1911.
வெண்கலம் என்று எழுதுகிறேன்;
வெண்மை எங்கும் இல்லை,
கைபட்டுக் கைபட்டுக்
காய்ந்த காப்பிக் கறையின் நிறம்.

முன்புறம் அரிஸ்தீத் லொன்யென்,
கம்பளி ஆலை முதலாளி,
இடப்பக்கம் பார்க்கிறார்.
தாடியில் ஒவ்வொரு மயிரும் தனித்தனி.
கழுத்துக்குக் கீழே கடுகளவு எழுத்தில்
செதுக்கியவன் பெயர்: ஒ. கெர்க்ஸ்.
பதக்கத்தில் எந்த முதலாளிக்கும்
ஒரு காதுதான்.
மற்றது யாரைக் கேட்டுக்கொண்டிருந்ததோ.
செப்பு என்றால் சொல்.
இதில் செம்பு நூற்றுக்குத் தொண்ணூறு,
சொன்னது ஒன்றுமில்லை.

பின்புறம் வெஸ்த்ர் ஆறு.
சாயத் துறைகள்
திங்களன்று நீலமாகவும்
செவ்வாயன்று சிவப்பாகவும் ஓடவிட்ட ஆறு
இங்கே நெளிநெளியாய் நான்கு கோடு.
கரையில் ஆலை. ஆலைக்குப் பின்னே
ஐந்து புகைபோக்கிகள்.

அன்றைக்கு இருந்தவை நான்கு.

கெர்க்ஸ் நண்பனுக்கு எழுதிய கடிதம்
எங்கள் பெட்டியில் இருக்கிறது:
"வட்டத்துக்குள் நான்கு நிற்க மாட்டேன் என்கிறது.
நடுவில் ஒன்று வேண்டியிருந்தது. வைத்துவிட்டேன்."

முந்நூறு பதக்கங்கள் அச்சாகி வந்து இறங்க,
பொன்விழா விருந்துக்கு முதல்நாள் இரவு
விளக்கடியில் எண்ணிப் பார்த்தார் லொன்யென்.
இன்னொரு முறை எண்ணினார்.
திருப்பி அனுப்பியிருக்கலாம்.
சிரித்திருக்கலாம்.
ஆனால் நாணயமான மனிதர் என்று ஊரில் பேர்,
கடனைச் சொன்ன தேதிக்கு முன்பே தீர்ப்பவர்.
வெண்கலத்தில் பொய் சொன்னதாக
நாளை எவனும் பேசக் கூடாது.
மறுவாரமே அஸ்திவாரம் தோண்டினார்கள்.

அடியில் உலை இல்லாத புகைபோக்கி.
கணக்கேட்டில் அதற்கு ஒரு பக்கம்:
செங்கல் நாற்பத்தோராயிரம்.
சுண்ணாம்பு இருபது வண்டி.
சாரக்கயிறு.
மாத்தியூ க்ரஹேயின் மனைவிக்கு
முந்நூறு பிராங்க்,
பதக்கம் ஒன்று.

உச்சியிலிருந்தா, பாதியிலிருந்தா,
காலையிலா, சாப்பாட்டு மணி அடித்த பிறகா,
ஏடு கேட்கவில்லை.
அடுத்த வரி மறுபடியும் செங்கல்.

உபெர்த்தீன் க்ரஹே
அதே ஆலையில் முடிச்செடுப்பவள்.
நெய்து வந்த துணியை
ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து விரித்து
விரல்நுனியால் தடவிக்கொண்டே போவாள்.
இருக்கக் கூடாதது தட்டுப்பட்டால்
முடிச்சோ, வைக்கோல் துணுக்கோ, முள்ளோ
ஊசியால் நெம்பி எடுத்துவிட்டு
இடம் தெரியாமல் நீவிவிடுவாள்.
மீட்டருக்கு இத்தனை சாந்தீம் கூலி.

என் கையிலிருப்பது அவளுடையது.
விளிம்பில் பெயர் வெட்டியிருக்கிறது,
எழுத்துப் பிழையோடு.
போன மாதம்தான் ஏலத்தில்
ஒரு தையல்பெட்டியின் அடியிலிருந்து வந்தது.

வெளிச்சத்தில் சாய்த்தால் தெரிகிறது:
நடுப் புகைபோக்கி இருந்த இடத்தில்
மயிரிழைக் கோடுகள், நூற்றுக்கணக்கில்,
எல்லாம் ஒரே திசையில்.
ஆத்திரத்தில் கீறியதல்ல.
ஆத்திரத்துக்கு இவ்வளவு பொறுமை கிடையாது.
எத்தனை மாலைகளோ,
வேலை முடிந்து வந்து, அதே ஊசியோடு.
நான்கு நிற்கின்றன.
நடுவில் தேய்த்து எடுத்த வானம்.

ஆலையை இடித்து ஐம்பதாண்டு ஆகிறது.
நான்கையும் உள்ளிருந்தே புகை தின்றிருந்தது,
வெடி வைத்துச் சாய்த்தார்கள்.
புகையே அறியாத ஐந்தாவது மட்டும்
புதுக்கருக்குக் கலையாமல்
அங்காடியின் கார் நிறுத்தத்தில் நிற்கிறது.
அதன் வாயில் காக்கைகள் குடித்தனம்.
ஊரின் சின்னம் என்கிறார்கள்,
அஞ்சலட்டைகூட உண்டு.

என் அட்டையில் ஒரு கட்டம் பாக்கி.
நிலை: நன்று, தேய்மானம், சேதம்;
ஒன்றை அடிக்கோடிட வேண்டும்.
பேனாவை மூடிவிட்டு
கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்து
மெதுவாகத் தடவிப் பார்த்தேன்.

எதுவும் தட்டுப்படவில்லை.